ஐந்தாம் மாடியில் முட்டி வைத்தியம்

மாநில உடலியக்க மருத்துவ மையம் கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டிவலி, இடுப்புவலி என்று வருகிறவர்களுக்கு மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல் உடற்பயிற்சியையும் மருந்தாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் அதைத் தொடங்கியிருந்தது. நல்ல நோக்கம்தான். முதல் மாடியில் நிர்வாகம் இருந்தது. இரண்டாம் மாடியில் அந்த நிர்வாகத்தைக் கவனிக்கும் நிர்வாகம் இருந்தது. மூன்றாம் மாடியில் கோப்புகள். நான்காம் மாடியில் இயக்குநர். முட்டிவலிக்காரர்களைப் பார்க்கும் கிளினிக் ஐந்தாம் மாடியில். அங்கேதான் காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்று கட்டடக் குழு தீர்மானித்திருந்தது.

ஐந்து மாடிக்கும் சேர்த்து ஒரே லிஃப்ட். இழுத்து மூடும் இரும்புக் கதவு போட்ட பழைய லிஃப்ட் என்பதால் அதை ஓட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் கில்பர்ட். ஜீவனஹள்ளிக்காரர். ஐம்பத்திரண்டு வயது. கட்டடம் வேறு ஏதோ இலாகாவிடம் இருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். கட்டடம் கைமாறியபோது மின்விசிறிகளோடும் லிஃப்டோடும் அவரும் கைமாறினார். இருபத்து மூன்று வருடமாக ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்தபடி பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது மேலே போய்விட்டு வருவார். அதில் ஒரு தடவைகூட அவருடைய கால்கள் அசைந்ததில்லை.

உடம்பு அதற்குத் தக்கபடி இருந்தது. எண்பத்தாறு கிலோ. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனை ஒன்பதைத் தாண்டியிருந்தது. மாலையில் ஸ்டூலை விட்டு எழுந்தால் முட்டி இரண்டும் ஒன்றையொன்று குறை சொல்லும்.

அவரை முதலில் கவனித்தவர் டாக்டர் பாகீரதி. மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். விளையாட்டு மருத்துவம் படித்தவர். ஓட்டப்பந்தய வீரர்களுக்கும் கபடிக்காரர்களுக்கும் கால் சரிசெய்துகொண்டிருந்தவர், சாதாரண ஜனங்களுக்கும் இது கிடைக்க வேண்டும் என்று விரும்பி இந்த மையத்துக்கு வந்தவர். தினமும் லிஃப்டில் ஏறியதும் வணக்கம் சொல்லும் ஒரே அதிகாரி அவர்தான்.

"கில்பர்ட், நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல ரெண்டு தடவை முட்டியைத் தேய்ச்சீங்க. எத்தனை நாளா வலி?"

"அது கெடக்குது மேடம், அஞ்சாறு வருஷமா."

"அஞ்சாறு வருஷமா முட்டி டாக்டரைத் தினம் மேல கூட்டிட்டுப் போறீங்க. ஒரு நாள்கூடச் சொல்லலையே!"

அன்று மதியமே அவரைக் கிளினிக்கில் உட்கார வைத்துப் பரிசோதித்தார். அரைமணி நேரம். கில்பர்ட்டின் வாழ்க்கையில் எந்த டாக்டரும் அவருக்காக அரைமணி நேரம் செலவழித்ததில்லை. சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழ வேண்டும். முதலில் ஐந்து தடவை, பிறகு எட்டு, பிறகு பன்னிரண்டு. படுத்தபடி காலை நீட்டித் தூக்க வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்துக் கொஞ்சமாக இறங்க வேண்டும். அரைமணிக்கு ஒரு தடவை ஸ்டூலை விட்டு எழ வேண்டும். ஆறு வாரம் கழித்து ஒரே ஒரு மாடி, படியில். அவசரம் கூடாது. வலித்தால் மறைக்கக் கூடாது.

கில்பர்ட் இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பூசைபோல் தவறாமல் செய்தார். லிஃப்டில் ஆள் இல்லாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தார். இரண்டாம் மாடி கிளார்க்குகள் சிரித்தார்கள். அவருக்கும் முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. ஐந்தாவது மாதம் மூன்று மாதச் சர்க்கரை ஆறே முக்கால். எடை எழுபத்தெட்டு. டாக்டர் சொன்னபடி ஒவ்வொரு மாடியாகக் கூட்டி, ஒரு நாள் காலை ஐந்து மாடியும் படியில் ஏறிக் கிளினிக் வாசலில் போய் நின்றார். டாக்டர் பாகீரதி எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னோட படிப்புக்கு மரியாதை பண்ணீங்க கில்பர்ட்," என்றார்.

கில்பர்ட் அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி ஆஞ்சலாவிடம், "சாமிக்கு அப்புறம் அந்தம்மாதான்," என்றார்.

ஆஞ்சலாவுக்கு நாற்பத்தொன்பது வயது. கான்வென்ட் நர்சரி வகுப்பில் ஆயாவாக இருந்தாள். நாள் முழுவதும் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து எழுகிற வேலை. இரண்டு வருடமாக உட்காருவது முடிந்தது, எழுவதுதான் முடியவில்லை. சிஸ்டர் ஒரு தடவை ஜாடையாகச் சொல்லியிருந்தார்: கிறிஸ்துமஸுக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும். கில்பர்ட் அவளைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவரே லிஃப்டில் ஏற்றி, அவரே பொத்தானை அழுத்தி, அவரே "ஐந்தாம் மாடி" என்று அறிவித்தார். ஆஞ்சலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். வலது முட்டி தேய்ந்திருந்தது. ஆபரேஷன் தேவையில்லை, பன்னிரண்டு வாரப் பயிற்சியில் நன்றாகப் பிடித்து நிறுத்தலாம் என்றார். கோப்பில் கையால் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்: முதல் எட்டு வாரம் படி ஏறக் கூடாது.

"அவசரப்பட்டு ஏறினா இருக்கறதும் கெட்டுடும் ஆஞ்சலா. நான் சொல்ற அன்னிக்கு ஏறுங்க, போதும்."

ஆஞ்சலா ஐந்து வாரம் போனாள். நான்காவது வாரம், கட்டிலின் ஓரத்தைப் பிடிக்காமல் எழுந்து நின்றாள். அன்று கோழிக்குழம்பு வைத்தாள்.

அந்த நாட்களில்தான் டாக்டர் கேட்டார்: "கில்பர்ட், உங்களை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? மத்த பேஷண்ட்ஸுக்கு நம்பிக்கை வரும்."

"உங்களுக்கு இல்லாத போட்டோவா மேடம்!" என்றார் கில்பர்ட். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டுப் போட்டார்.

பத்து நாளில் அந்தப் போட்டோ ஆளுயரப் போஸ்டராக வந்து லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. கில்பர்ட் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சிரித்தார். கீழே கன்னடத்திலும் இங்கிலீஷிலும் அவர் சொன்னதாக ஒரு வாசகம்: "நான் லிஃப்டை விட்டேன், நோய் என்னை விட்டது." அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. போஸ்டருக்குப் பக்கத்தில் அதே சட்டையில் உட்கார்ந்து லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏறுகிறவர்கள் ஒரு தடவை போஸ்டரைப் பார்ப்பார்கள், ஒரு தடவை அவரைப் பார்ப்பார்கள்.

மறுவாரம் திங்கட்கிழமை எல்லா ஊழியர்களையும் கூட்டத்துக்கு அழைத்தார்கள். இயக்குநர் பத்ரிநாத்துக்கு வீட்டில் தமிழ், கூட்டத்தில் கன்னடம், கோபத்தில் இங்கிலீஷ். அன்று கன்னடத்தில் பேசினார். அவர் பேசியதன் சாரம் இது:

"நண்பர்களே, நம் மையத்தின் மிகப் பெரிய நோய் எது தெரியுமா? இந்தக் கட்டடத்தின் லிஃப்ட். உடம்பை அசையுங்கள் என்று நாம் ஜனங்களுக்குச் சொல்கிறோம். சொல்வதற்கு முன்னால் அவர்களை அசையாமல் நிற்க வைத்து மேலே தூக்கிக்கொண்டு போகிறோம். இது மருத்துவமா, சுமைகூலி வேலையா? சிகிச்சை ஐந்தாம் மாடியில் தொடங்குகிறது என்று இதுவரை நினைத்திருந்தோம். தவறு. அது முதல் படியில் தொடங்குகிறது. ஒருவர் தன் காலால் ஐந்தாம் மாடிக்கு வந்து சேர்ந்துவிட்டால், அவருக்கு நாம் செய்ய வேண்டியது பெரும்பாலும் எதுவும் இருக்காது. இதனால் கிளினிக்கின் வேலைப்பளு எவ்வளவு குறையும் என்று யோசித்துப் பாருங்கள்!"

எல்லோரும் யோசித்துப் பார்த்துக் கைதட்டினார்கள். திட்டத்தின் பெயர் "படிக்கட்டே மருந்து". மறுநாளிலிருந்து லிஃப்ட் நிறுத்தப்படும்.

கில்பர்ட் கையைத் தூக்கினார். இருபத்து மூன்று வருடத்தில் கூட்டத்தில் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

"சார், ஏற முடியாதவங்க எப்படி சார் வருவாங்க?"

இயக்குநர் அன்போடு சிரித்தார். "கில்பர்ட், அந்தக் கேள்விக்குப் பதிலே நீங்கதானே! உங்க போட்டோவைப் பாத்துத்தானே எனக்கு இந்த ஐடியாவே வந்தது. முடியாதுங்கறது ஒரு நோயோட அறிகுறி. அதைக் குணப்படுத்தத்தான் மேல டாக்டர் இருக்காங்க."

கில்பர்ட் திரும்பி டாக்டர் பாகீரதியைப் பார்த்தார். அவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் இருந்த நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

கூட்டம் முடிந்ததும் கில்பர்ட் அவரைப் படியருகில் நிறுத்தினார். "மேடம், ஆஞ்சலா ஃபைல்ல நீங்களே எழுதியிருக்கீங்க, படி ஏறக் கூடாதுன்னு."

"தெரியும் கில்பர்ட்." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நான் பேசாம இருக்கப்போறதில்ல. ஒருத்தர் நடக்கும்போது கால் எப்படி விழுதுன்னு படம் பிடிச்சுக் காட்டற லேப் கேட்டு ஆறு வருஷமா ஃபைல் சுத்துது. இப்பத்தான் சார் மேசைக்கு வந்திருக்கு. அது சாங்ஷன் ஆகட்டும். எத்தனை பேருக்கு உபயோகம் தெரியுமா? கொஞ்சம் பொறுத்துக்குங்க."

கில்பர்ட் பொறுத்துக்கொண்டார். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்.

லிஃப்ட் நின்ற வாரத்தில் கட்டடத்துக்குள் சில இடமாற்றங்கள் நடந்தன. ஜனங்களுக்கு அருகில் இருக்க வேண்டும் என்ற காரணத்தால் இயக்குநர் தரைத்தளத்துக்கு வந்தார். இயக்குநருக்கு அருகில் இருக்க வேண்டும் என்ற காரணத்தால் நிர்வாகமும், நிர்வாகத்தைக் கவனிக்கும் நிர்வாகமும் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் வந்தன. கிளினிக்கையும் கீழே கொண்டுவரலாமே என்று யாரோ ஒரு கிளார்க் கேட்டாராம். அப்படிச் செய்தால் படிக்கட்டுக்கு அவசியம் இல்லாமல் போய்விடும் என்று கோப்பில் பதில் எழுதப்பட்டது.

லிஃப்ட் இல்லாத இடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர் இருக்க முடியாது. கில்பர்ட்டின் பதவி ரத்தாகி, அவர் "படி ஊக்குவிப்பாளர்" ஆனார். முதல் படிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வருகிறவர்களைப் பார்த்துப் புன்னகை செய்ய வேண்டும். ஏறுகிறவர்களின் பெயரை ஒரு நோட்டிலும், பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களின் பெயரை இன்னொரு நோட்டிலும் எழுத வேண்டும். இரண்டாவது நோட்டின் அட்டையில் "சிகிச்சையைத் தாமாகக் கைவிட்டவர்கள்" என்று அச்சடித்திருந்தது.

முதல் நாள் லட்சுமம்மா வந்தாள். ஃப்ரேசர் டவுனில் பூ விற்கிறவள். இரண்டு மாதமாகக் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தவள். ஊன்றுகோலோடு படியடியில் நின்று மேலே பார்த்தாள்.

"ஏனப்பா, லிஃப்ட் இல்வா?"

"இல்லம்மா. நிப்பாட்டிட்டாங்க."

"நான் எப்படிப் போறது?"

கில்பர்ட் புன்னகை செய்ய வேண்டிய இடம் அது. அவருக்கு முகம் வரவில்லை. லட்சுமம்மா போஸ்டரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நீ விட்டேன்னு சொன்னதாலதானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள். அவர் அவள் பெயரை இரண்டாவது நோட்டில் எழுதினார்.

புதன்கிழமை ஆஞ்சலா வந்தாள். ஆறாவது வாரம். லிஃப்ட் நின்ற விஷயத்தைக் கில்பர்ட் வீட்டில் சொல்லியிருந்தார். ஆனாலும் அவருக்காக ஒரு வழி செய்து கொடுப்பார்கள் என்று அவள் நம்பினாள். அவரும் நம்பினார். அவளை வரவேற்பு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஐந்து மாடியும் ஓடாத குறையாக ஏறினார்.

கிளினிக்கில் டாக்டர் தனியாக இருந்தார். பயிற்சிக் கட்டில்கள் ஆறும் காலி.

"மேடம், ஆஞ்சலா கீழ இருக்கா. பத்து நிமிஷம் வந்து பாருங்க. அடுத்த பயிற்சி என்னன்னு மட்டும் காட்டிக் குடுத்தாப் போதும்."

டாக்டர் எழுந்தார். ஸ்டெதாஸ்கோப்பைக்கூட எடுத்தார். பிறகு மறுபடி உட்கார்ந்தார். "சிகிச்சை கிளினிக்குள்ளதான் தரணும்னு சர்க்குலர்ல இருக்கு கில்பர்ட். நான் கீழ வந்தா, திட்டம் வேலை செய்யலன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். இந்த மாசம் மட்டும். ப்ளீஸ்."

கில்பர்ட் கீழே வந்தார். ஆஞ்சலா அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். அவர் மேசைக்குப் போய் இரண்டாவது நோட்டைத் திறந்தார். மேற்பார்வைக் கிளார்க் பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்ன எழுதறீங்க?" என்று கேட்டாள் ஆஞ்சலா.

"உன் பேரு."

"எதுக்கு?"

அட்டையை அவளே திருப்பிப் படித்தாள். படிக்கும்போது உதடு அசைந்தது. "நானா கைவிட்டேன்?" என்றாள். ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

அன்றிரவு சாப்பிடும்போது ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "ஏங்க, எழுதாம இருந்திருக்கலாம் இல்ல?" கில்பர்ட் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். எழுதாமல் இருந்திருக்கலாம்தான். அது அவருக்கு அப்போதுதான் தோன்றியது.

மாத அறிக்கை வந்தது. லிஃப்ட் இருந்த கடைசி மாதத்தில் கிளினிக்குக்கு வந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் படி ஏறும் அளவுக்குத் தேறியவர்கள் நூற்றுக்கு முப்பத்தெட்டு. லிஃப்ட் இல்லாத முதல் மாதத்தில் வந்தவர்கள் ஐம்பத்து மூன்று பேர். ஐம்பத்து மூன்று பேரும் படி ஏறினார்கள். நூற்றுக்கு நூறு. பெரும்பாலானவர்கள் மாரத்தான் ஓடுகிற வைட்ஃபீல்ட் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள். காலணி எந்த மாதிரி வாங்கலாம் என்று கேட்க வந்தவர்கள். உலகத்தில் எந்த முட்டி கிளினிக்கும் நூற்றுக்கு நூறு வாங்கியதில்லை என்று இயக்குநர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அது உண்மைதான். வெளி மாநிலங்களிலிருந்து குழுக்கள் திட்டத்தைப் பார்க்க வந்தன. தரைத்தளத்தில் பார்த்துவிட்டுப் போயின.

செப்டம்பரில் ஆண்டு விழா. கிளினிக்கின் பயிற்சிக் கட்டில்களை ஓரம் தள்ளிவிட்டு ஐந்தாம் மாடிக் கூடத்தில்தான் மேடை போட்டார்கள். சுகாதாரத் துறையின் மிகப் பெரிய அதிகாரி சிறப்பு விருந்தினர். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் இயக்குநர் கில்பர்ட்டைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சீஃப் கெஸ்ட்டுக்குப் போன மாசம்தான் முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு. படி ஏறக் கூடாதுன்னு அவங்க டாக்டர் சொல்லியிருக்காராம். லிஃப்டை அன்னிக்கு மட்டும், ஒரு தடவை மேல, ஒரு தடவை கீழ. வெளிய தெரிய வேண்டாம். சாவி உங்ககிட்ட தர்றேன். காலையில வந்து ஓட்டிப் பாத்து வச்சுடுங்க."

கில்பர்ட் சாவியை வாங்கிக்கொண்டு நேராக இரண்டாவது நோட்டை எடுத்தார். பெயருக்குப் பக்கத்தில் போன் நம்பர் இருந்தது. மதியம் முழுக்கப் போன் செய்தார். பாதிப் பேர் அவர் பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். பதினோரு பேர் வருவதாகச் சொன்னார்கள். அவர்களில் லட்சுமம்மா ஒரு நிமிடம் திட்டிவிட்டுத்தான் வருவதாகச் சொன்னாள்.

அவருடைய கணக்கு எளிமையானது. பெரிய அதிகாரி இவர்களைப் பார்ப்பார். அவருக்கும் முட்டிவலி. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்பார். இவர்கள் சொல்வார்கள். டாக்டரும் பக்கத்தில் இருப்பார். சாங்ஷன் வந்தாயிற்று என்று போன வாரம்தான் கிளார்க்குகள் பேசிக்கொண்டார்கள். இனிமேல் அவர் பேசத் தடையில்லை.

விழா அன்று காலை, லிஃப்டை ஓட்டிப் பார்க்கும் சாக்கில், மூன்று நடையில் பதினோரு பேரையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார். பன்னிரண்டாவது ஆள் ஆஞ்சலா. கடைசி நடையில் கதவைத் திறந்தபோது எதிரே டாக்டர் பாகீரதி நின்றிருந்தார். ஊன்றுகோல்களையும் வாக்கர்களையும் பார்த்தார். கில்பர்ட்டைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். கில்பர்ட்டுக்கு உடம்பெல்லாம் லேசானது.

சிறப்பு விருந்தினர் பத்தரைக்கு வந்து, லிஃப்டில் ஏறி, மேடையில் உட்கார்ந்தார். இயக்குநர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். முதல் வரிசையில் ஊன்றுகோல்கள். அவருடைய வாய் ஒரு விநாடி திறந்தபடி நின்றது. ஆனால் அவர் முப்பது வருடம் அரசாங்கத்தில் இருந்தவர்.

"மாண்புமிகு ஐயா அவர்களே, பேசுவதற்கு முன் ஓர் அதிசயத்தைக் காட்டுகிறேன். முன்வரிசையில் இருக்கும் இந்தத் தாய்மார்களைப் பாருங்கள். இவர்கள் அத்தனை பேரும் சிகிச்சையைத் தாமாகக் கைவிட்டவர்கள். அவர்கள் பெயரும் தேதியும் எங்கள் பதிவேட்டிலேயே இருக்கின்றன. நாங்கள் அவர்களை வற்புறுத்தவில்லை. படிக்கட்டு அவர்களை அழைத்தது. இன்று யாருடைய உதவியும் இல்லாமல், தங்கள் கால்களால், ஐந்து மாடி ஏறி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்!"

கூடம் அதிரக் கைதட்டல். சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். எழுவதற்கு இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

கில்பர்ட் லிஃப்ட் வாசலிலிருந்து கத்தினார். "சார், அவங்க லிஃப்ட்ல வந்தாங்க! நான்தான் கூட்டியாந்தேன்!"

இயக்குநர் சிரித்தார். "போஸ்டரில் பார்த்தீர்களே, அந்தக் கில்பர்ட். பழைய வேலையை இன்னும் மறக்க முடியவில்லை. பாசம்."

சிறப்பு விருந்தினருக்கு மட்டும் சந்தேகம் வந்தது. மேடையில் இருந்த டாக்டரின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க டாக்டர். ஏறித்தான் வந்தாங்களா?"

டாக்டர் பாகீரதி மைக்கை வாங்கினார். ஆஞ்சலா இருக்கையின் நுனிக்கு வந்தாள். டாக்டர் முன்வரிசையைப் பார்க்கவில்லை. கூடத்தின் பின்சுவரைப் பார்த்தார்.

"எந்த வழியில் வந்தார்கள் என்பது மருத்துவ ரீதியாக முக்கியமில்லை சார். வர வேண்டும் என்ற எண்ணம் வந்திருக்கிறது. அது மிக நல்ல அடையாளம்."

மறுபடியும் கைதட்டல். பன்னிரண்டு பேருக்கும் நீல ரிப்பனில் மெடல் போட்டார்கள். புதிய லேப் ஒன்றுக்கு அனுமதி தரப்பட்டிருப்பதாகச் சிறப்பு விருந்தினர் அறிவித்தார். பிறகு அவர் லிஃப்டில் இறங்கினார். கீழே போய்ச் சேர்ந்ததும் இயக்குநர் கில்பர்ட்டிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காரை வழியனுப்பப் போனார்.

பன்னிரண்டு பேரும் மேலே இருந்தார்கள்.

கில்பர்ட் படியில் ஏறினார். ஒவ்வொருவராக இறக்கினார். சிலருக்குக் கூட வந்த பிள்ளைகள் உதவினார்கள். லட்சுமம்மா கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் ஓர் அதிகாரியின் பெயரைச் சொல்லிக் கன்னடத்தில் திட்டினாள், பெயர்கள் போதவில்லை. கடைசியாக ஆஞ்சலா. வலிக்கிற காலை முதலில் வைத்து இறங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி மூன்றாம் மாடி வரை வந்தாள். அங்கே முட்டி மடங்கவில்லை. சுவரைப் பிடித்து நின்றாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"முதுகுல ஏறிக்கோ," என்றார் கில்பர்ட்.

"யாராச்சும் பாப்பாங்க."

"பாக்கட்டும்."

அவளைச் சுமந்துகொண்டு இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வந்தபோது மேலிருந்து டாக்டர் இறங்கி வந்தார். கையில் பூங்கொத்து. அவர்களைக் கண்டதும் நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்ததைச் சொன்னார்.

"கில்பர்ட், இவ்வளவு குனியாதீங்க. இடுப்புல லோடு விழும். ஒரு கையால கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க."

ஆஞ்சலாதான் அவருடைய தோளுக்கு மேலாகத் திரும்பிச் சொன்னாள்:

"நீங்க சொல்றது எல்லாமே சரியாத்தான் இருக்கும் டாக்டரம்மா. அதான் எங்களுக்கு நம்பிக்கையாப் போச்சு."

கில்பர்ட் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினார்.

ஆஞ்சலா தனக்குத் தெரிந்த ஐந்து வாரப் பயிற்சியையே வீட்டில் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். ஆறாவது வாரத்தில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாது. முட்டி அந்த இடத்திலேயே நின்றது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் நாட்கள் தொடங்கிய வாரத்தில் நர்சரிக்கு வேறு ஆயா வந்துவிட்டாள். சிஸ்டர் ஒரு பிளம் கேக் கொடுத்தனுப்பினார்.

டிசம்பரில் மையத்திலிருந்து ஆஞ்சலா பெயருக்குக் கடிதம் வந்தது. ஆண்டு விழா அன்று ஐந்து மாடி ஏறியதன் அடிப்படையில் அவர் முழுமையாகக் குணமடைந்துவிட்டதால் கோப்பு முடிக்கப்படுகிறது. குணமடைந்த சான்றிதழை ஏழு நாட்களுக்குள் ஐந்தாம் மாடியில் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். கையெழுத்து, டாக்டர் பாகீரதி.

மறுநாள் காலை கில்பர்ட் முதல் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் வந்தார். வழக்கம்போல் வணக்கம் சொன்னார். இரண்டு படி ஏறிவிட்டு நின்று, திரும்பாமல் கேட்டார்:

"ஆஞ்சலா எப்படி இருக்காங்க கில்பர்ட்?"

"ஃபைல்ல நல்லா இருக்கா மேடம்," என்றார் கில்பர்ட். பிறகு, வேலை அதுதான் என்பதால், ஏறுகிறவர்களின் நோட்டைத் திறந்து டாக்டரின் பெயரை எழுதினார்.